எட்டு நிமிட டிராக்கை இன்னும் காசு கொடுத்து வாங்குவது ஏன்?

ஸ்ட்ரீமிங்கில்தான் எல்லாம் கிடக்கிறதே, அப்புறம் எதற்கு ஒரு டிராக்குக்கு ஒன்றரை டாலர், இரண்டு டாலர் என்று அழுகிறாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவைத்துவிட்டால் சுட்டியை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம், அதற்காகத்தான் இந்தப் பதிவு. டிஜேக்கள் நிற்காமல் கோத்து வாசிக்கிற எலக்ட்ரானிக் நடன இசையான டிரான்ஸுக்குப் புதியவர்களும் படிக்கலாம், பெரிய வித்தை எதுவும் இல்லை.

ஸ்ட்ரீமிங்கில் நம் காதில் விழுவது பெரும்பாலும் ரேடியோ எடிட், அதாவது சுருக்கிய பதிப்பு. மூன்று, மூன்றரை நிமிடம். எடுத்த எடுப்பிலேயே மெலடி வந்துவிடும். டவுன்லோடு கடையில் விற்கிற முழு நீளப் பதிப்பான எக்ஸ்டெண்டட் மிக்ஸைப் போட்டுப் பாருங்கள், முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்காது. டொம் என்று ஒரு கிக் டிரம், அதற்கு இடையில் டிஸ் என்று ஒரு ஹை-ஹாட், எட்டு பார் (ஒரு பார் என்றால் நான்கு அடி) கழித்து ஒரு பேஸ், இன்னும் எட்டு பார் போனதும் பின்னால் எங்கேயோ ஒரு சின்னச் சத்தம். 138 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 138 அடி வேகத்தில், 32 பார் என்றால் 128 அடி, கிட்டத்தட்ட 56 விநாடி. சும்மா கேட்கிறவருக்கு அது வெறும் டொம் டொம். டிஜேவுக்கோ அதுதான் உயிர். ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் கடைசி ஒரு நிமிடமும் இதே மாதிரி மெலடி எல்லாம் உதிர்ந்து வெறும் தாளமாக இருக்கும். ரயில் பெட்டிகளின் இரு முனையிலும் கொக்கி இருக்கிற மாதிரி, இந்த இரண்டு நிமிடமும் இணைப்புக்காகவே வைத்தது. நடுவில் கிக் நின்றுபோய், நீண்டு ஒலிக்கிற பின்னணி ஒலியான பேடும் மெலடியும் மட்டும் மிதக்கிற பிரேக்டவுன், அப்புறம் ஸ்னேர் டிரம் உருண்டு உருண்டு ஏறுகிற பில்டப், அப்புறம் மொத்தமும் திரும்ப வந்து விழுகிற அந்த டிராப் கட்டம். இதெல்லாம் நிதானமாக நடக்க ஏழெட்டு நிமிடம் வேண்டும். 12 இஞ்ச் வினைல் காலத்தில் உருவான அமைப்பு இது. 1993இல் வந்த எனர்ஜி 52இன் 'கஃபே டெல் மார்', 1999இல் ஃபெரி கோர்ஸ்டன் சிஸ்டம் எஃப் என்ற பெயரில் வெளியிட்ட 'அவுட் ஆஃப் த புளூ' எல்லாம் டிஜே கையில் போய்ச் சேரத்தான் முதலில் அச்சாயின. அதே 1999இல் ஏடிபியின் '9 பிஎம்' பிரிட்டன் சிங்கிள்ஸ் சார்ட்டில் முதலிடம் பிடித்தபோது இந்த இசை கிளப்புக்கு வெளியே உள்ளவர்கள் காதிலும் விழுந்தது.

அந்தக் காலத்து டிரான்ஸ் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. 90களின் பிற்பகுதியில் வந்த ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசரில் சூப்பர்சா என்று ஒரு அலைவடிவம். ரம்பப் பல் வடிவிலான ஏழு சாடூத் அலைகளை, ஒலியை உண்டாக்குகிற ஒரே ஆசிலேட்டரில் அடுக்கி, ஒன்றுக்கொன்று சுருதியில் நூலிழை விலக்கி வைப்பதுதான் விஷயம். அந்த விலகலை, அதாவது டீட்யூன் அளவைக் கொஞ்சமாக வைத்தால் ஒற்றைக் குரல் கொஞ்சம் தடித்தது போல் இருக்கும். கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கூட்டமாகப் பாடுவது போல் விரியும். அதற்கும் மேலே போனால் புளித்துவிடும். சுமாரான புரொட்யூசர்கள் (டிராக்கை உருவாக்குகிறவர்கள்) அந்த மூன்றாவது கட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. இப்போது அதே சத்தத்தை எந்த மென்பொருள் சிந்தசைசரிலும் எடுத்துவிடலாம் என்பதால் அந்தப் பெட்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

புரொட்யூசர் வேறு, டிஜே வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போஸ்டரில் ஒரு பெயர் இருக்கும், ஸ்டூடியோவில் இரண்டு பேர் இருப்பார்கள். நெதர்லாந்தின் நட்சத்திர டிஜே டியஸ்டோவின் பல டிராக்குகளில் டென்னிஸ் வாக்கப் ரேயர்ஸ் பெயரும், அதே நாட்டின் இன்னொரு நட்சத்திரம் ஆர்மின் வான் பியூரனின் பல டிராக்குகளில் ரேங்க் 1 குழுவைச் சேர்ந்த பென்னோ டி கோய் பெயரும் இணைத் தயாரிப்பாளராக இருப்பதைக் கவனித்திருக்கலாம். இதைப் பெரிய மோசடி போல் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை, பெயர் போட்டிருக்கிறார்களே. பெயரே போடாமல் முழு டிராக்கையும் காசுக்கு வாங்கித் தன் பெயரில் வெளியிடுகிற கோஸ்ட் புரொடக்ஷன்தான் கசப்பான விஷயம், அதற்கென்றே தனியாக வலைத்தளங்கள் வைத்து வியாபாரம் நடக்கிறது. இன்னொரு பக்கம், எகிப்தின் ஆலி அண்ட் ஃபிலா இரட்டையரில் ஃபாதிக்குக் காதில் பாதிப்பு ஏற்பட்டதால் அவர் மேடையை விட்டுவிட்டார். சுற்றுப்பயணம் முழுக்க ஆலிதான். வேலையைப் பிரித்துக்கொள்வதில் இப்படியும் ஒரு வகை.

சரி, மிக்ஸிங்குக்கு, அதாவது ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு நிற்காமல் மாறுகிற வேலைக்கு வருவோம். இதில் எனக்குக் கட்சி உண்டு, ஒளிப்பதற்கில்லை. நீண்ட மிக்ஸ் கட்சி. 1996இல் பிரிட்டன் டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் வெளியிட்ட 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' தொகுப்பைக் கேட்டால் ஒரு டிராக் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரண்டு டிராக்கும் நிமிடக்கணக்கில் சேர்ந்தே ஓடும். இதற்கு நேர் எதிர் பெரிய விழா மேடைகளின் பாணி: ஒரு மணி நேரம் கொடுத்திருப்பார்கள், அதற்குள் தன் ஹிட் எல்லாம் வந்தாக வேண்டும், ஆகவே பிரேக்டவுனில் நுழைந்து, உச்சத்தைத் தொட்டு, உடனே வெட்டி அடுத்ததற்குத் தாவுவார்கள். கூட்டம் துள்ளும், மறுக்கவில்லை. ஆனால் உச்சம் மட்டுமே இருபது முறை வந்தால் பத்தாவதிலேயே காது மரத்துவிடுகிறது. இந்த விஷயத்தில் ஜான் 00 ஃபிளெமிங், மார்க்கஸ் ஷுல்ஸ் போல இரவு முழுக்க ஒரே ஆளாக வாசிக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். நேரம் இருக்கிறவர்தான் காத்திருக்க முடியும்.

நீண்ட மிக்ஸில் கை செய்கிற வேலை என்ன? ஓடிக்கொண்டிருப்பது அ, அடுத்து வரப்போவது ஆ என்று வைத்துக்கொள்வோம். அ டிராக் கடைசித் தாளப் பகுதியான அவுட்ரோவுக்கு வந்துவிட்டது. ஆ டிராக்கை ஹெட்போனில் கேட்டு, வேகத்தை ஒப்பிட்டு, அ-வின் 32 பார் கட்டம் தொடங்குகிற அதே அடியில் விடுகிறோம். ஒலியளவை ஏற்றுகிற ஃபேடரைத் தூக்குவதற்கு முன்பே ஆ-வின் பேஸ் குமிழ் முழுக்கக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கிக், இரண்டு பேஸ் ஒன்றாக ஒலித்தால் ஸ்பீக்கரில் சேறுதான் மிஞ்சும். ஹை-ஹாட் மட்டும் மெதுவாக உள்ளே வருகிறது, யாருக்கும் தெரியாது. அடுத்த 16 பார் எல்லையில் அ-வின் பேஸைக் குறைத்து ஆ-வின் பேஸைத் திறக்கிறோம், ஒரே அடியில். கேட்கிறவருக்கு ஏதோ மாறியது போல் தோன்றும், என்ன என்று சொல்லத் தெரியாது. பிறகு அ-வின் மிச்சத்தைச் சாவகாசமாக வெளியே எடுக்கலாம்.

டிரான்ஸில் மெலடி அதிகம் என்பதால் சுருதியும் சேர வேண்டும். 2006இல் வந்த மிக்ஸ்ட் இன் கீ மென்பொருள் இந்தத் தலைவலியை எண்ணாக மாற்றிவிட்டது. கேமலாட் சக்கரம் என்கிற கடிகார வட்டத்தில் ஏ மைனர் 8ஏ (எண்ணுக்குப் பின்னால் ஏ வந்தால் மைனர், பி வந்தால் மேஜர்). அதோடு 7ஏ, 9ஏ, 8பி சேரும், அவ்வளவுதான். ஆனால் எண்ணை மட்டும் நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. 130 பிபிஎம்மில் உள்ள ஒரு புரோகிரெசிவ் டிராக்கை, வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்துவைக்கிற கீ லாக் போடாமல், 138க்கு ஏற்றினால் வேகம் ஆறு சதவீதம் கூடும், கூடவே சுருதியும் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். திரையில் 8ஏ என்றே எழுதியிருக்கும், ஒலிப்பதோ 3ஏ. வினைல் ஆட்கள் இதையெல்லாம் காதாலேயே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இரண்டு டிராக்கின் வேகத்தைத் தானாகவே ஒப்பாக்குகிற சிங்க் பொத்தானைத் தொடலாமா கூடாதா என்ற சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. வேகத்தை யந்திரம் சரி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். எந்த டிராக்கின் மெலடி எந்த மெலடிக்கு வழிவிட வேண்டும் என்பது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. சாஷாவே 2005இல் 'ஃபுண்டாசியோன் என்ஒய்சி' தொகுப்புக்கு டர்ன்டேபிளை விட்டுவிட்டு ஏபிள்டன் லைவ் மென்பொருளுக்குப் போனவர்தான்; பால் வான் டைக், ஜுசெப்பே ஒட்டாவியானி போன்றவர்கள் மேடையில் கீபோர்டையே வைத்து வாசிக்கிறார்கள். கருவி மாறியதால் யாருடைய காதும் கெட்டுப்போகவில்லை.

இனி காசு. 2001இல் டிஜேக்களுக்கான சிடி பிளேயர் பயனியர் சிடிஜே-1000 வந்தது, அதே காலத்தில் வினைல் தட்டை வைத்தே கணினிக் கோப்புகளை ஓட்டுகிற ஃபைனல் ஸ்க்ராட்ச் வந்தது, 2004 ஜனவரியில் அமெரிக்காவின் டென்வரிலிருந்து பீட்போர்ட் என்ற இணைய டவுன்லோடு கடை திறந்தது. ஐடியூன்ஸ் கடை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டாலும் அது கேட்கிறவர்களுக்கான கடை; பீட்போர்ட் டிஜேக்களுக்கென்றே வந்தது. முழு நீளம், தரமான கோப்பு, பிபிஎம், வெளியிட்ட லேபிள் நிறுவனத்தின் பெயர், வெளியான தேதி. வினைல் கடையில் நல்ல டிராக் இரண்டு பிரதி வந்தால் கடைக்காரருக்கு வேண்டியவர் கையில் ஒன்று போய்விடும் என்கிற நிலைமை அதோடு போனது. எங்கிருந்தாலும் அன்றே வாங்கலாம்.

ஒரு இடைவெளி மட்டும் பல காலம் இருந்தது. லேபிள்கள் புதிய டிராக்கை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்னதாகவே பெரிய டிஜேக்களுக்கு புரோமோவாக அனுப்பும். 2001இல் ஆர்மின் தொடங்கிய 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' ரேடியோ நிகழ்ச்சியில் அது ஒலிக்கும், கேட்டவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், ஆனால் கடையில் இருக்காது. டிராக்லிஸ்டில் பெயருக்குப் பதில் 'ஐடி' என்று மட்டும் போட்டிருக்கும். என்ன ஆகும்? நிகழ்ச்சியிலிருந்து வெட்டிய ரேடியோ ரிப், டிஜே குரல் உட்பட, இணையம் முழுக்கச் சுற்றும். விற்பனைக்கு வருகிற நாளில் பாதி ஆசை தீர்ந்திருக்கும். லேபிள்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அந்தக் காலத்தில்தான் என்பேன், திருட்டு டவுன்லோடை மட்டும் திட்டிப் பயனில்லை.

விற்ற காசில் புரொட்யூசருக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்தால் மனசு ஆறாது. ஒன்றரை டாலரில் கடை தன் பங்கை எடுக்கும், விநியோகஸ்தர் தன் பங்கை எடுப்பார், மீதி லேபிளுக்கு வரும், செலவு போக அதில் பாதி கலைஞருக்கு என்பது பரவலான ஒப்பந்தம். பாடகி இருந்தால், கூட்டாளி இருந்தால் அதுவும் பிரியும். சில்லறைதான். கடையின் ஜானர் சார்ட்டில், அதாவது இசைவகை வாரியான விற்பனைப் பட்டியலில் மேலே வருவதை ஒரு விளம்பரமாகப் பார்த்து, அதைக் காட்டி மேடை வாய்ப்புப் பிடிப்பதுதான் பலருக்கு உண்மையான வருமானம். அதனால்தான் போட்டி குறைந்த ஜானர் பெட்டியில் டிராக்கைப் போடுவது, தெரிந்தவர்களை வாங்கச் சொல்வது போன்ற வேலைகள் நடக்கின்றன. நேராகக் கலைஞருக்கே போக வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் தளம் மேல். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது பொதுவாக 15 சதவீதம், 2020இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்ட்ரீமிங் கணக்கோ வேறு மாதிரி. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. எட்டு நிமிடம் கேட்டாலும் அதே ஒன்று. இப்போது நான் மேலே சொன்ன 56 விநாடி இன்ட்ரோவை நினைத்துப் பாருங்கள்: மெலடி வருவதற்கு முன்பே ஆள் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார். போதாக்குறைக்கு 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத டிராக்குக்கு அங்கே ராயல்டியே கிடையாது, சின்ன லேபிள்களின் பட்டியலில் அப்படிப்பட்டவை நிறைய. ஆக, புரொட்யூசர் இன்ட்ரோவை வெட்டத்தானே செய்வார்? வெட்டுகிறார்கள். எக்ஸ்டெண்டட் என்று பெயர் போட்டு வருபவையே இப்போது ஐந்து, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன, பிரேக்டவுன் மூச்சு விடுவதற்குள் டிராப் வந்துவிடுகிறது. அந்த முதல் ஒரு நிமிட டொம் டொம்முக்குக் காசு கொடுக்க இன்று உலகத்தில் டிஜேக்களையும் என் மாதிரி ஆட்களையும் விட்டால் யாரும் இல்லை. நாங்களும் நிறுத்திவிட்டால் அதைச் செய்ய எந்த புரொட்யூசருக்கும் காரணம் இருக்காது. நான் வாங்குவதற்கு இதுதான் காரணம், விசுவாசமோ ஏக்கமோ இல்லை.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 320 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் போதும், எட்டு நிமிடத்துக்குச் சுமார் 19 எம்பி. சுருக்காத வேவ் கோப்பு என்றால் 80 எம்பியைத் தாண்டும், பல கடைகளில் அதற்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. இலவசமாக எங்கிருந்தோ வந்த '320' கோப்பை மட்டும் ஒருமுறை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டுகிற ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டுப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டிய மாதிரி காலியாக இருந்தால் பெரும்பாலும் அது 128 கேபிபிஎஸ் கோப்பை ஊதிப் பெரிதாக்கியது. சின்ன ஸ்பீக்கரில் தெரியாது, பெரிய சிஸ்டத்தில் ஹை-ஹாட் எல்லாம் தகரமாக ஒலிக்கும். அடுத்து, மாதச் சந்தாவில் டிஜே மென்பொருளுக்கே ஸ்ட்ரீம் செய்கிற சேவைகள் இப்போது உண்டு, பீட்போர்ட்டும் 2019இல் தொடங்கியது. புதிய டிராக்குகளை முயன்று பார்க்க வசதிதான். ஆனால் லேபிள் உரிமை கைமாறினால் டிராக் ஒருநாள் சொல்லாமல் மறைந்துவிடும், கடை மூடினால் பழைய டவுன்லோடு பக்கமும் சேர்ந்தே போகும். வாங்கியதை வாங்கிய அன்றே இரண்டு டிரைவில் போட்டுவையுங்கள், கோப்புப் பெயரில் மிக்ஸ் பெயரையும் சேர்த்து. ஒரே டிராக்குக்கு ஒரிஜினல், எக்ஸ்டெண்டட், மூன்று ரீமிக்ஸ், அதிலொன்றுக்கு ஒரு டப் என்று வருகிற உலகம் இது, பெயர் இல்லாவிட்டால் எது எது என்று தேடியே இரவு போய்விடும்.