ஒட்டுசுட்டானில் ஓர் எலிக்கூட்டம்: பிள்ளைகளுக்கு ரோல் பிளே விதிநூல் தேடிய கதை

ரோல் பிளே விளையாட்டுக்குப் பலகையும் வேண்டாம், காயும் வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இப்ப இதைச் செய்யிறன்" என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பது. எப்போது உருட்டுவது, எத்தனை விழுந்தால் வெற்றி என்பதெல்லாம் விதிநூலில் இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தியின் மகன் வீடியோ கோலில் எனக்கு இதைப் பழக்கினான். என் மகளுக்கு ஒன்பது வயது. அண்ணாவின் மகன் புலமைப்பரிசில் பரீட்சை முடித்துவிட்டு லீவில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் பழக்குவது என்று முடிவெடுத்ததும், எந்த நூலை வைத்துத் தொடங்குவது என்ற கேள்வி வந்தது.

ரொறன்ரோத் தம்பி முதலில் சொன்னது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். இந்த வகை விளையாட்டுக்கே மூத்தது அது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. நல்ல விளையாட்டு, நானே அதில்தான் பழகினேன். ஆனால் விளையாடுபவருக்கான நூல் மட்டும் 2014 பதிப்பில் 320 பக்கம், 2024 பதிப்பில் 384. கதை நடத்துபவருக்கு வேறொன்று, அரக்கர்களுக்கு வேறொன்று. அடிப்படை விதிகளைச் சுருக்கி இலவசமாகவும் தருகிறார்கள்தான். அதிலும் ஒரு பாத்திரத்தை உருவாக்க இனம், தொழில், ஆறு ஆற்றல்கள், ஒவ்வோர் ஆற்றலுக்கும் கூட்டல் கழித்தல், அப்புறம் திறமைகள், மந்திரப் பட்டியல் என்று ஒரு பின்னேரம் போய்விடும். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அந்தப் பின்னேரத்தில் கதைக்குள் போக வேண்டுமே தவிர, தாளை நிரப்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. நூல் ஆங்கிலத்தில், விளையாட்டு தமிழில். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையின் கையில் நூலைக் கொடுத்துப் பலனில்லை. விதி முழுவதும் என் தலைக்குள் இருக்க வேண்டும். அதனால் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன்: கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் விதிகளை எழுதி முடிக்க ஏலாவிட்டால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்துப் பார்த்தது மார்ட்டின் லொயிட் எழுதிய அமேசிங் டேல்ஸ். நாலு வயதிலிருந்தே விளையாடலாம். பிள்ளை தனக்கு நாலு திறமைகளைத் தானே சொல்லும்: மரம் ஏறுவது, நீந்துவது, குரங்கோடு கதைப்பது, எதுவும் சரி. மிகச் சிறந்த திறமைக்குப் பன்னிரண்டு முகக் கட்டை, அடுத்ததுக்குப் பத்து, பிறகு எட்டு, கடைசிக்கு ஆறு. எதை உருட்டினாலும் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. விதி இவ்வளவுதான். அடிபட்டால் குறைகிற உயிர்ப்புள்ளி, காயக்கணக்கு ஒன்றும் கிடையாது. மகள் உடனேயே கதைக்குள் போய்விட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்க்கவில்லை. ஆனால் மருமகனுக்குப் பத்து வயது, கணக்கில் கெட்டி. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு முகக் கட்டையில் பத்து முகம் வெற்றி, ஆறு முகக் கட்டையிலும் நாலு முகம் வெற்றி. "மாமி, எப்பவும் நாங்கள்தானே வெல்லுறம்" என்றான். அந்த வயதுக்குத் தோல்வியும் வேண்டும்.

ஜஸ்டின் ஹலிடேயின் ஹீரோ கிட்ஸும் பார்த்தேன். நாலிலிருந்து பத்து வயது வரை, ஆறு முகக் கட்டை மட்டும் போதும். லூடோப் பெட்டியில் இருப்பதே காணும் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. ஆனால் அதில் கட்டம் போட்ட வரைபடத்தில் நின்று சண்டை பிடிப்பதுதான் முக்கியம். இங்கே எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் எங்கள் வீட்டுச் சுவரிலும் அண்ணா வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. சண்டையே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டைக்குப் போக முதல் பிள்ளை ஒரு தரம் யோசிக்கிற மாதிரி விதி இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்படித்தான் மவுஸ்ரிட்டர் வந்தது. ஐசக் வில்லியம்ஸ் எழுதியது. விளையாடுபவர்கள் எல்லோரும் வாளேந்திய எலிகள். பிடிஎப் வடிவத்தை விரும்பிய விலைக்கு எடுக்கலாம், காசு கொடுக்காமலும் எடுக்கலாம். புதுக்குடியிருப்பில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளையில் அடித்து நடுவில் தைத்துக்கொண்டேன்.

எலிக்கு மூன்று ஆற்றல்கள்: பலம், சுறுசுறுப்பு, மனவுறுதி. ஆறு முகக் கட்டை மூன்றை உருட்டி, பெரிய இரண்டைக் கூட்டினால் ஓர் ஆற்றல். ஆபத்தான காரியம் என்றால் இருபது முகக் கட்டை உருட்டுவது. ஆற்றலின் எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் தப்பிவிடும். புது எலியின் ஆற்றல் பன்னிரண்டைத் தாண்டாது, ஆகவே தோற்க நிறைய இடமுண்டு. சண்டையில் 'பட்டதா படவில்லையா' என்று உருட்டுவதே இல்லை. அடித்தால் பட்டதுதான், எவ்வளவு காயம் என்பது மட்டும்தான் கேள்வி. புது எலிக்கு உயிர்ப்புள்ளி கூடியது ஆறு. அது தீர்ந்தால் காயம் பலத்தில் குறையும், பலம் தீர்ந்தால் எலி செத்துவிடும். இரண்டொரு அடியிலேயே கதை முடியலாம். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து, ஒளிவது, பேரம் பேசுவது, சாப்பாட்டைக் காட்டி ஏமாற்றுவது என்று இறங்கிவிட்டார்கள். சாவு பற்றி மட்டும் தொடங்க முதலே இருவரையும் கேட்டேன். மகள் வேண்டாம் என்றாள். சரி, பலம் தீர்ந்த எலி சாமான் எல்லாவற்றையும் இழந்து வளைக்குத் திரும்பும் என்று வைத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது சாமான் கணக்கு. இரண்டு கைக்கு இரண்டு கட்டம், உடம்புக்கு இரண்டு, பைக்கு ஆறு. பழைய கலண்டர் மட்டையில் வாள், கயிறு, பந்தம் என்று வரைந்து வெட்டி அந்தக் கட்டங்களில் வைத்தோம். பசி வந்தாலும் பயம் வந்தாலும் அதற்கும் ஒரு துண்டு, அதுவும் பையில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். "பயத்தை வைக்க இடமில்லை, கயிறைப் போடட்டோ?" என்று மகள் கேட்டாள். எந்த விளக்கமும் சொல்லாமலே விதி விளங்கிவிட்டது.

இருபது முகக் கட்டை இங்கே கடைகளில் கிடைக்காது. இருபது புளியங்கொட்டையில் டிபெக்ஸால் ஒன்றிலிருந்து இருபது வரை எழுதி மில்க்மெயிட் பேணிக்குள் போட்டோம். கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரின் வாய்ப்பு மாறிவிடும். எட்டு முகக் கட்டை வேண்டுமென்றால் எட்டு வரை உள்ள கொட்டைகளை மட்டும் போட்டால் சரி.

எலியா என்று முகம் சுளித்தவர் மாமனார்தான். காலபோக வெள்ளாமையில் எலி வெட்டிய வயலைப் பார்த்தவருக்கு எலி வீரனாவது பிடிக்குமா? ஆனால் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், மெல்ல வாய் திறந்தார். எலி வரம்புக்குள் வளை தோண்டும், உள்ளே நெற்கதிரைச் சேர்த்து வைக்க ஓர் அறை இருக்கும், வாசலை மண்ணால் அடைத்துவிடும், ஆந்தை வந்து குந்தட்டும் என்று வயலுக்குள் தடி நட்டு வைப்போம் என்றார். அதையெல்லாம் அப்படியே வரைபடத்தில் போட்டேன். நூலில் உள்ள காட்டை விட்டுவிட்டு, முத்தையன்கட்டுக் குளக்கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, வாய்க்கால், வரம்பு என்று எங்கள் ஊரையே அறுகோணக் கட்டங்களாக வரைந்தோம். துருசுக்குப் பக்கத்தில் ஒரு சாரைப்பாம்பு. மருமகன் வாளை வைத்துவிட்டு, "மாமி, பாம்புக்குக் காது கேக்குமோ?" என்று கேட்டான். நிலத்தின் அதிர்வு அதற்குத் தெரியும் என்றேன். உடனே வாலால் நிலத்தில் தட்டி, கீரி வருகிறது என்று பாம்பை நம்பவைக்கப் பார்த்தான். மனவுறுதிக்குப் புளியங்கொட்டை எடுத்தான், ஏழு வந்தது, அவனுக்கு இருந்தது ஒன்பது. மகள் எழும்பிக் கைதட்டினாள். அந்த நேரத்தில் நூல் மூடியபடி ஓரமாகக் கிடந்தது. நான் தேடியது இந்த மாதிரி நூலைத்தான்.

ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் அமேசிங் டேல்ஸ் எடுங்கள். எட்டு ஒன்பது தாண்டியிருந்தால் மவுஸ்ரிட்டர். டிராகன்கள் காத்திருக்கட்டும், ஆங்கிலம் ஓடத் தொடங்கியதும் தாங்களாகவே அங்கே போவார்கள்.

மவுஸ்ரிட்டரின் உரையைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டிருப்பதால், எழுதியவர் பெயரைப் போட்டுத் தமிழாக்க அனுமதி உண்டு. இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வருகிறேன். பாத்திரம் உருவாக்கும் பகுதியும் சண்டை விதியும் முடிந்தன, மந்திரப் பகுதி இன்னும் கிடக்கிறது. மருமகன் அடுத்த லீவுக்குத் தானே கதை நடத்தப் போவதாகச் சொல்லிவிட்டான். அதற்கு முதல் முடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும்.