ஆயா படம் பார்த்த தியேட்டர்

மே 19, 2024, ஞாயிறு

பிரார்த்தனா டிரைவ்-இன் பத்தி இப்ப இருக்குற பசங்ககிட்ட சொன்னா கதை விடுறேன்னு நினைக்குறாங்க. இன்னிக்கு மகாபலிபுரம் போய்ட்டு திரும்பி வரும்போது சென்னை இஞ்சம்பாக்கத்துல வண்டி நகரவே இல்ல, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) அகலப்படுத்துற வேலை நடக்குது. அப்ப என் பொண்ணுகிட்ட இங்க ஒரு தியேட்டர் இருந்துச்சுடி, கூரை கிடையாது, செவுரு கிடையாது, காரோட உள்ள போய் கார்ல உக்காந்தே படம் பாக்கலாம்னு சொன்னேன், "மழை வந்தா?"னு கேட்டா. வைப்பர் போட்டுட்டு பாப்போம்னேன். நம்பல.

அதான் எழுதி வைக்கலாம்னு உக்காந்துட்டேன். தெரியாதவங்களுக்காக: விஜிபி பொழுதுபோக்குப் பூங்கா, சோழமண்டல் ஓவியர் கிராமம் எல்லாம் இருக்குற அதே இஞ்சம்பாக்கம்தான். ஒரே காம்பவுண்டுல ரெண்டு தியேட்டர், ஆராதனா சாதாரண ஏசி தியேட்டர், பிரார்த்தனா வெட்டவெளி. பெரிய மைதானம், எதிர்ல வானத்தைப் பாத்து நிக்குற ஒரு ஸ்கிரீன், இருட்டினாதான் படம். கடல் பக்கத்துலதான், ஏழு மணிக்கு மேல காத்து வரும் பாருங்க, இந்த அக்னி நட்சத்திரத்துல அதை நினைச்சாலே ஏங்குது.

மே 20, திங்கள்

நேத்து பாதில விட்டுட்டேன். எங்க வீட்ல சித்தப்பாவோட மாருதி ஆம்னிதான் எல்லாத்துக்கும், கோயிலுக்கும் அதான் ஆஸ்பத்திரிக்கும் அதான். ஆயாவுக்கு, அதான் எங்க பாட்டிக்கு, இடுப்பெலும்பு உடைஞ்சதுல இருந்து நேரா உக்கார முடியாது, பத்து நிமிஷத்துல கால் மரத்துப் போயிடும், அதனால தியேட்டர்ங்குற பேச்சையே விட்டுட்டாங்க. அவங்க சின்ன வயசுல கொட்டாய்ல மணலைக் குவிச்சு மேல உக்காந்து எம்ஜிஆர் படமா பாத்துத் தள்ளினவங்க. வீட்ல எல்லாரும் சினிமாவுக்குக் கிளம்பும்போது ஆயாவுக்குத் துணையா யார் இருக்குறதுன்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதைக் கேட்டுட்டே அவங்க திண்ணைல படுத்திருப்பாங்க.

சித்தப்பாதான் ஒரு நாள் "ஏன், பிரார்த்தனாவுக்குப் போனா ஆயாவையும் தூக்கிட்டுப் போலாமே"ன்னாரு. ஆம்னிய ரிவர்ஸ்ல கொண்டுபோய் நிறுத்தி, பின் கதவை மேல தூக்கிட்டு, பின் சீட்டை மடிச்சுப் போட்டு, மேல பாய், அதுக்கு மேல ஜமக்காளம், ரெண்டு தலகாணி. ஆயா ஒருக்களிச்சுப் படுத்துட்டு ஸ்கிரீனைப் பாத்தாங்க. நாங்க கீழ பாய்ல. அம்மா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துட்டு வந்திருந்தாங்க, சித்தி பிளாஸ்க்ல காபி. ஆயா கையில அவிச்ச வேர்க்கடலைப் பொட்டலம், பல்லு இல்லாததால ஒவ்வொண்ணா உரிச்சு நசுக்கி நசுக்கி சாப்பிடுவாங்க.

சவுண்டு கார் ரேடியோல வரும், எஃப்எம்ல டியூன் பண்ணணும். எங்க வண்டில ஸ்பீக்கர் முன்னாடிதான், நாங்க உக்காந்திருக்குறது பின்னாடி, ஆனா பக்கத்துல நிக்குற அத்தனை காரும் கதவைத் திறந்து வெச்சிருப்பாங்களா, அதே டயலாக் எல்லாப் பக்கமும் இருந்து வரும். அந்த எஃபெக்ட் எந்த டால்பிலயும் எனக்குக் கிடைக்கல, நிஜமா சொல்றேன். ஹீரோ என்ட்ரிக்கு விசில் மட்டும் இல்ல, ஹாரனும் அடிப்பாங்க. யாராவது தெரியாம ஹெட்லைட்டைப் போட்டுட்டா ஸ்கிரீன்ல பாதி வெளுத்துரும், "லைட்ட அணைப்பா"ன்னு மைதானமே கத்தும். படம் முடியறதுக்குள்ள எவன் காராவது பேட்டரி இறங்கிடும், முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் கைலியை மடிச்சுக் கட்டிட்டுத் தள்ளி விடுவாங்க.

ஆயா படம் முழுக்க பேசிட்டே இருந்தாங்க. "இவ யாரும்மா, அவன் அக்காவா? ஐயோ அந்தப் பாவி பின்னாடி வரான் பாரு." எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா ஒருத்தர் கூட திரும்பிப் பாத்து உஷ்ஷுங்கல. பக்கத்துக் கார்ல ஒரு கைக்குழந்தை வீல்னு அழுதுச்சு, அந்த அம்மா தோள்ல போட்டுட்டு ஓரமா நடந்துட்டே படம் பாத்தாங்க, அவ்ளோதான்.

கொசு இருந்துச்சு. ஓடோமாஸ் தேச்சுக்குவோம்.

மே 26, ஞாயிறு

சிங்கப்பூர் அத்தைகிட்ட போன்ல பேசும்போது இதைச் சொன்னேன், "எங்க ஊர்லயே இருந்துச்சேம்மா"ன்னாங்க! மாமாவுக்கு அப்ப ஜூரோங்ல வேலை. ஜூரோங் டிரைவ்-இன், ஜப்பானியத் தோட்டம் பக்கத்துல, 1971 ஜூலைல திறந்தது. 899 கார் நிறுத்தலாமாம், அந்தக் காலத்துல ஆசியாலயே பெருசுன்னு பேரு. அத்தைகிட்ட கார் ஏது, ஆனா கார் இல்லாதவங்க உக்கார 300 சீட்டும் போட்டிருந்தாங்க, அதுல உக்காந்து பாத்திருக்காங்க. காத்து நல்லா இருக்கும், படம் புரியாது, சீனமோ இங்கிலீஷோ, ஆனாலும் போவோம்னாங்க. 1985ல மூடிட்டாங்க. அத்தை இவ்ளோ நேரம் பேசி ரொம்ப நாளாச்சு.

ஜூன் 6, வியாழன்

இன்னிக்குத்தான், 1933ல, உலகத்துலயே முதல் டிரைவ்-இன் திறந்தாங்க, அமெரிக்கால நியூ ஜெர்சி மாநிலத்துல கேம்டன் ஊர் பக்கம். ஆரம்பிச்சவர் பேரு ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். தன் வீட்டு வாசல்லயே சோதனை பண்ணிப் பாத்தவரு, கார் பானட் மேல புரொஜெக்டர், ரெண்டு மரத்துக்கு நடுவுல துணி, துணிக்குப் பின்னாடி ரேடியோ. மழை பேஞ்சா எப்படித் தெரியும்னு பாக்க தோட்டத்துக்குத் தண்ணி தெளிக்குற ஸ்பிரிங்லரைத் திருப்பி விட்டாராம். முன்னாடி நிக்குற கார் மறைக்கக் கூடாதுன்னு டயருக்கு அடியில கட்டையை வெச்சு வெச்சு எவ்ளோ சாய்வு வேணும்னு கண்டுபிடிச்சாரு, அந்தச் சாய்வு மேடைக்குத்தான் பேட்டன்ட்டே வாங்கினாரு.

என்னைப் பிடிச்சு நிறுத்தின விஷயம் வேற. அவரோட அம்மா பருமனானவங்க, தியேட்டர் சீட்ல உக்கார முடியாம கஷ்டப்பட்டாங்க, அவங்களுக்காகத்தான் இந்த யோசனையே வந்துச்சுன்னு சொல்றாங்க. முதல் விளம்பரத்துலயே, குழந்தைங்க எவ்ளோ சத்தம் போட்டாலும் பரவால்ல குடும்பத்தோட வாங்கன்னு போட்டிருக்காரு. படிச்சதும் எனக்கு ஆயா ஞாபகம்தான். தியேட்டர் யாரையெல்லாம் வெளிய நிறுத்துதோ அவங்களுக்குன்னே கட்டின தியேட்டர் இது. அமெரிக்காவுக்கும் இஞ்சம்பாக்கத்துக்கும் எவ்ளோ தூரம், ஆனா எங்க ஆம்னில அதேதான் நடந்துச்சு.

ஜூன் 9, ஞாயிறு

பிரார்த்தனா ஏன் மூடிப் போச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. கணக்குப் போட்டா புரிஞ்சிரும். மல்டிபிளெக்ஸ் காலைல இருந்து ஷோ ஓட்டும், இங்க இருட்டினாத்தான் பிழைப்பு, மிஞ்சிப் போனா ராத்திரிக்கு ரெண்டு ஷோ. அதுக்குத் தேவைப்படுற இடமோ ஏக்கர் கணக்குல, அதுவும் ஈசிஆர்ல. கிரவுண்டு விலையைக் கேட்டா யாருக்குத்தான் மனசு வரும் கார் நிறுத்த விட? அமெரிக்காலயே 1958 வாக்குல நாலாயிரத்துக்கு மேல இருந்தது, இப்ப சில நூறுதான், அங்கயும் நிலம்தான் பெரிய காரணம். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு எல்லா தியேட்டரையும் மூடினப்போ அங்க டிரைவ்-இன்னுக்குத் திரும்ப கூட்டம் வந்துச்சு. நம்ம பிரார்த்தனா இப்ப இல்ல.

அக்கா பையனுக்காகத்தான் எனக்கு இந்த ஆதங்கம். அவனுக்கு ஆட்டிசம். கார்ட்டூன்னா உயிரு, ஆனா தியேட்டர்ல அந்த இருட்டுல திடீர்னு சத்தம் வந்தா காதைப் பொத்திட்டு அலற ஆரம்பிச்சிருவான், ஒரு தடவை இன்டர்வெல்லுக்கு முன்னாடியே கூட்டிட்டு வெளிய வந்துட்டாங்க, பின் வரிசைல இருந்து என்னென்னமோ சொன்னாங்க, அக்கா அதுக்கப்புறம் போறதே இல்ல. டிரைவ்-இன்ல வால்யூம் நம்ம கையில. வேணாம்னா குறைச்சிக்கலாம், இல்ல ஆஃப் பண்ணிட்டு வெறும் படத்தைப் பாக்கலாம், கண்ணாடிய ஏத்திக்கலாம், எழுந்து நடக்கலாம், குதிக்கலாம். ஒருத்தருக்கும் தொந்தரவு கிடையாது.

அகமதாபாத்ல 1973ல இருந்தே ஒண்ணு இருக்கு. மும்பைல 2021 நவம்பர்ல ஒரு மால் மொட்டைமாடிலயே ஆரம்பிச்சாங்க, இடம் இல்லாத ஊர்ல கூட வழி கண்டுபிடிச்சிருக்காங்க. சென்னைல எத்தனை மால் இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல மேல் மாடி பார்க்கிங் சும்மாதானே கிடக்கு, வாரத்துல ஒரு நாள் ஒரு மாடிய விட்டுக் குடுங்கப்பா. வெள்ளைச் செவுரு இருக்கு, புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்குது, எஃப்எம்முக்கு அனுமதி வாங்குறதுதான் கொஞ்சம் அலைச்சல். யாராவது ஆரம்பிச்சீங்கன்னா சொல்லுங்க, அக்காவையும் அவனையும் கூட்டிட்டு முதல் ஆளா நான் வரேன்.