கோலாலம்பூரிலிருந்து தார் பாலைவனத்துக்கு: மூட்டை கட்டுமுன்

மலேசியாவில் ஃபிரேசர் மலையிலும் கெப்போங் ஃப்ரிம் வன ஆராய்ச்சி நிலையக் காட்டிலும் பறவை பார்த்துப் பழகிய கண்ணுக்கு ராஜஸ்தான் பாலை முதல் நாள் வெறும் பொட்டலாகத்தான் தெரியும். இங்கே அண்ணாந்து பார்த்து, இருட்டு இலைகளுக்குள் பத்துப் பதினைந்து மீட்டரில் தேடுகிறோம். அங்கே 300 மீட்டருக்கு அப்பால், மண் நிறத் தரையில் மண் நிறப் பறவை அசையாமல் நிற்கும். வழிகாட்டிக்குக் காசு கட்டியாயிற்று, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் பாதிப் பறவைகள் கைநழுவிப் போகும்.

முதலில் தேதி. நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல பருவம்தான். ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் டெல்லி மூடுபனி விமானத்தையும் ரயிலையும் மணிக்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். ஜோத்பூர் இணைப்பு விமானம் தவறினால் ஒரு நாள் போச்சு. புத்தாண்டை ஒட்டி ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டுக் கூடாரங்களில் ஒலிபெருக்கிச் சத்தம் வேறு. தைப்பூசத்துக்குப் பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ நிற்க வேண்டியவர்களுக்கும் ஜனவரி கடைசியும் பிப்ரவரித் தொடக்கமும் தோதுப்படாது. நவம்பர் கடைசி வாரம் தொடங்கி டிசம்பர் 15க்குள் முடித்துக்கொள்வதுதான் எங்கள் ஓட்டு.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை: ஒரு ஜீப்பில் எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் நடுவில் உட்காருபவருக்கு முன்னிருப்பவரின் முதுகுதான் தெரியும். டெலஸ்கோப் வைத்திருக்கிறாரா? பாலைவன தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவாரா? கடைசியாக, கானமயிலைக் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) கட்டாயம் காட்டுவாரா என்று கேளுங்கள். ‘கட்டாயம்’ என்று சொல்பவரை விட்டுவிடுங்கள். உலகத்திலேயே இயற்கைச் சூழலில் 150க்குக் கீழே மிஞ்சியிருக்கும் பறவை அது. பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில்தான். 3,162 சதுர கிலோமீட்டர் பூங்காவில் அதற்கு யார் உத்தரவாதம் தர முடியும்? கண்ணில் பட்டாலும் ‘இன்னும் கிட்டே போங்கள்’ என்று நச்சரிக்கக் கூடாது. ஆண் பறவை 15 கிலோ வரை கனம் இருக்கும், நேர் எதிரே உள்ளதை அதற்குச் சரியாகப் பார்க்கவும் வராது. துரத்திப் பறக்கவிட்டால் மின்கம்பியில் போய் மோதும். இந்த இனம் அழிவதற்கு அந்தக் கம்பிகள் பெரிய காரணம். 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது.

நம் முகத்தைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் என்று அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனாலும் மலேசியச் சிவப்புக் கடப்பிதழ் சிவப்புக் கடப்பிதழ்தான்: மின் விசா வேண்டும், பல இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குத் தனி அனுமதி. கடப்பிதழ், விசா நகல்கள் நான்கைந்து வைத்துக்கொண்டால் விடுதிக்கும் வனத்துறைக்கும் நீட்டலாம். ட்ரோனையும் சாட்டிலைட் போனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போனோடு விமான நிலையத்தில் மாட்டினால் போலீஸ் வரை போகும். நம் மூன்று சப்பைமுனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இரண்டு எடுங்கள்.

இனி கண்ணாடிச் சாமான்கள். மழைக்காட்டுக்கு 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும்; பாலையில் 10 மடங்கு காட்டும் 10x42 கைகொடுக்கும். நமக்கு இங்கே பூஞ்சைதான் பகை, அதற்காகவே ஈரம் புகாத ட்ரை பாக்ஸ் வாங்கி வைக்கிறோம். அங்கே பகை தூசு. லென்ஸில் படிவது நுண்ணிய குவார்ட்ஸ் மணல். நம் வழக்கப்படி ஊதிவிட்டுச் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தால் கோட்டிங்கில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ஊதியால் நாலைந்து தடவை ஊத வேண்டும். பிறகு மெல்லிய பிரஷ். ஒட்டியது போய்விட்டதென்று சாய்த்துப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் துணி. ஓடும் ஜீப்பில் லென்ஸ் மாற்றவே கூடாது.

திறந்த ஜீப்பில் முக்காலியை விரிக்க இடமிருக்காது. காலிப் பீன் பேக் ஒன்றை மடித்துப் பெட்டியில் வையுங்கள், கனமே இருக்காது. ஜோத்பூரில் இறங்கியதும் 2 கிலோ பாசிப்பயறு வாங்கி நிரப்பி, ஜீப் கம்பிமேல் போட்டால் 600 எம்எம் லென்ஸும் ஆடாமல் உட்காரும். எஞ்சினை அணைக்கச் சொல்ல மறந்துவிட்டால் அவ்வளவும் வீண். வெயில் ஏறினால் தரைச்சூட்டில் காற்று நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் தூரத்துப் படம் குழம்பித்தான் வரும். நல்ல படம் வேண்டுமானால் 9:30க்குள் எடுத்துவிட வேண்டும்.

விடியற்காலை குளிர் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும், மதியம் 25ஐத் தாண்டும். தடித்த கோட்டு ஒன்றை விட உள்ளே தெர்மல், மேலே ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் என்று அடுக்கினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் நல்ல ஃபிளீஸ் மலிவாகக் கிடைக்கும். வெள்ளையும் பளிச் நிறங்களும் வேண்டாம். எல்லைப்புறம் என்பதால் ராணுவப் புள்ளித் துணியும் வேண்டாம். ஃபோகஸ் சக்கரம் திருப்ப மெல்லிய கையுறை வேண்டும். கம்பளிக் காலுறை போட்டால் பூரட் என்ற புல்லின் முள்விதைகள் கொத்தாக ஏறிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலில் ஏறும். சீப்பால் கீழிருந்து மேலே தள்ளி எடுக்க வேண்டும். வழவழப்பான துணியில் கணுக்கால் உறை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வியர்க்காததால் தாகம் தெரியாது. தலைவலி வரும்போதுதான் தண்ணீர் ஞாபகம் வரும், அதற்குள் நேரம் கடந்திருக்கும். உதட்டுக்கும் மூக்கு ஓரத்துக்கும் வாசலின் தடவுங்கள்.

புறப்படுமுன் கண்ணைப் பழக்க இங்கேயே இடம் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு செகிஞ்சான் வயல்: வரப்பில் ஓடும் வயல் நெட்டைக்காலியை 80 மீட்டரில் கண்டுபிடித்துப் பழகினால் அங்கே வானம்பாடிகள் பிடிபடும். பினாங்குக்காரர்களுக்கு தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரை. கரையோரப் பறவைகளை நிறம் பாராமல் உருவத்தையும் நடையையும் வைத்துப் பிரிக்கப் பழகுங்கள். எதிர்வெயிலில் கல்கௌதாரிகள் (சாண்ட்குரௌஸ்) பறக்கும்போது நிறம் உதவாது.

பலோடி அருகிலுள்ள கீச்சனில் ஓர் இரவு தங்குங்கள். ஊரார் குர்ஜா என்று அழைக்கும் டெமோசெல் பெருங்கொக்குகள், மங்கோலியா வரை பரந்த பிரதேசத்திலிருந்து வந்து, காலையில் ஊரார் தானியம் இறைக்கும் அடைப்பில் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஜோத்பூரிலிருந்து காலையில் கிளம்பிப் போனால் பாதிக் காட்சி முடிந்திருக்கும்.

பிக்கானேர் பக்கம் ஜோர்பீர் இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொட்டும் இடம். பிணந்தின்னிக் கழுகுகளான இமயப் பாறு, கரும்பாறு, மஞ்சள்முகப் பாறு, கூடவே ஸ்டெப்பி கழுகு எல்லாம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும். முகக்கவசத்தின் வெளிப்புறத்தில் இரண்டு சொட்டு கோடாலித் தைலம் விட்டால் வாடையைத் தாங்கலாம். அங்கே திரியும் நாய்க்கூட்டம் ஆளைக் கண்டு ஒதுங்காது. படத்துக்கென்று தனியாக நடந்து போகாமல் ஜீப்பை ஒட்டியே நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். பயணத்துக்கு முன்பே அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பாசிப்பயற்றை விடுதிச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டு, சப்பாத்தின் அடியையும் காலுறையையும் விதையில்லாமல் தட்டிப் பெட்டியில் போடுங்கள்.