ஒரு கொத்து ஒடித்து வரலாமே

"ஒரு கொத்து ஒடிச்சுட்டு வந்து வகுப்பிலேயே காட்டிடலாமே, ஐயா?"

2018 ஆகஸ்டில் துறை அறையில் உட்கார்ந்து நான் கேட்டது இது. ஐயா பதில் சொல்லவில்லை. என் மேசையில் தான் வைத்த அனுமதிக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

2006க்குப் பிறகு அந்த வருடம்தான் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்திருந்தது. இரண்டாமாண்டு மாணவர்கள் 22 பேரைப் பூம்பாறைப் பக்கம் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போய், குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை அங்கேயே நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். 'கருங்கோற் குறிஞ்சி' வருமே, அந்தப் பாட்டு. கோல் ஏன் கருப்பு என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். "செடியைத் தொட்டுப் பார்த்தா அந்தக் கேள்வியே வராதும்மா" என்பார். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போனாலே பார்க்கலாமே என்றேன். நாலு செடி போதாது, ஒரு சரிவு முழுக்கப் பூத்து அதில் தேனீ இரைவதைக் கேட்டால்தான் பாட்டில் வரும் தேன் புரியும் என்றார். அப்புறம்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அனுமதி மறுத்தது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அந்த மாதம் கேரளத்தில் வெள்ளம். இங்கும் நல்ல மழை. மலைச்சாலையில் எங்கே மண் சரியும் என்று யாருக்குத் தெரியும்? காட்டுமாடு ஊருக்குள்ளேயே வந்து நிற்கிற இடம் இது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் பெற்றவர்களுக்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஐயா என்னைவிட மூத்தவர், ஆனால் துறைப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். சாயங்காலமானால் சோலைக்குள் நடக்கப் போய்விடுவார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் எவையெல்லாம் இந்த மலையில் உண்டு என்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பைன், யூகலிப்டஸ் தோப்பைக் காட்டி யாராவது 'காடு' என்றால், "அது நட்டது. காடு அந்தப் பள்ளத்துல இருக்கு" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒடித்து வரச் சொன்னேன். குறிஞ்சி 12 வருடம் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை போட்டுவிட்டுக் காய்ந்துவிடும். பூங்கொத்தை ஒடித்தால் போவது அதன் விதை. டீ குடிக்கும்போது ஐயாவே இதைப் பத்துத் தடவை சொல்லியிருப்பார். தெரிந்தும் எப்படி என் வாயில் அது வந்தது? சுமுகமாக முடிக்கத்தான் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொள்வேன். ராத்திரியில் அது எடுபடுவதில்லை.

பிறகொரு நாள் பழைய கோப்புகளைக் கழிக்கும்போது அந்தக் கடிதம் கிடைத்தது. பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. மழை பெய்தால் ஒதுங்க எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவது, வனத்துறையில் யாரிடம் பேசியாயிற்று, எல்லாம் அவர் கையெழுத்தில். அன்றைக்கு நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒடித்து வரச் சொல்லியிருக்க மாட்டேன்.

2019 மே மாதம் ஓய்வு பெற்று வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார். போன வருடம் அங்கே ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முட்டி வலியாம், மலை ஏறுவதில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் கேட்டார்: "அந்தச் சரிவுல கன்னெல்லாம் எப்படிம்மா வந்திருக்கு?"

நான் அந்தப் பக்கமே போனதில்லை. "நல்லா வந்திருக்கு ஐயா" என்றேன்.

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

கையால் ஏதோ ஒரு உயரத்தைக் காட்டினேன்.