ஐரோப்பிய வரலாற்றில் பிஎச்.டி.: ஃபிளாரன்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன்

ஐரோப்பிய வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு என்றதும் ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். ஃபிளாரன்ஸ் நகரத்தை ஒட்டி, ஃபியேசோலே குன்றுப் பகுதியில் இருக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை. நான் ஆய்வு செய்தது அங்கே. அன்றைய ஐரோப்பியச் சமூகத்தின் ஆறு நாடுகள் 1972இல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய நிறுவனம் இது. முதல் ஆய்வாளர்கள் 1976இல் வந்தார்கள். இளங்கலை வகுப்பே கிடையாது. முனைவர் படிப்பு நான்கு ஆண்டு. வரலாற்றுத் துறை வில்லா சால்வியாத்தி என்ற பழைய மாளிகையில் இருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக் காப்பகமும் அங்கேயேதான்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகையை உறுப்பு நாடுகள் பெரும்பாலும் தங்கள் தங்கள் குடிமக்களுக்கே தருகின்றன. மற்ற நாட்டவருக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் குறைவு. அதனால் உங்கள் குடியுரிமைக்கு அந்த வருடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்ற வேலையில் இறங்குங்கள்.

அப்புறம் ஆய்வு முன்வரைவு. மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதமும் உங்களை வாசல் வரை கொண்டுவிடும். உள்ளே விடுவதா என்று தீர்மானிப்பது முன்வரைவுதான். பலர் தலைப்பை எழுதிவிட்டு அதையே கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் ஆய்வுக் களத்தையே எடுத்துக்கொள்வோம். லிவோர்னோ என்ற துறைமுகத்துக்கு யூதர் உள்ளிட்ட அயல் வணிகர்களை அழைத்து, ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துப் பெருங்கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் சலுகைச் சாசனங்கள் வெளியிட்டார். ‘லிவோர்னோவில் அயல் வணிகர்கள்’ என்பது தலைப்பு. அந்தச் சலுகையை நம்பி வந்த ஒருவர் கடன் வழக்கில் சிக்கினால் யாரிடம் போனார், தம் சமூகப் பெரியவர்களிடமா, ஆளுநரின் நீதிமன்றத்துக்கா, ஏன் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார்? இது கேள்வி. இப்படிக் கேட்டவுடனே, எந்த நீதிமன்றத்தின் காகிதம், எந்தக் காப்பகத்தில், எந்த மொழியில் என்பதெல்லாம் தானாக வந்து நிற்கும். அவற்றை முன்வரைவிலேயே எழுதுங்கள். முன்னால் எழுதியவர்களின் நூல்களை நான்கு பக்கத்துக்குச் சுருக்கித் தருவதைவிட, ஒரு ஆவணத் தொகுதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அதிகம் பேசும் என்பது என் கருத்து.

நேர்காணலிலும் இதைத்தான் துருவுவார்கள். “அந்தக் காகிதங்களில் நீங்கள் தேடுவது இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு ஒரு பதிலோடு போங்கள். “இருக்கும்” என்பது பதில் ஆகாது.

நெறியாளர் விஷயத்தில் இங்கே ஒரு தனி சிக்கல். பேராசிரியர்கள் நிரந்தரப் பணியில் இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். உங்கள் ஆய்வு பாதியில் இருக்கும்போது அவருடைய காலம் முடியலாம். எனவே ஒருவரை மட்டும் மனதில் வைத்து முன்வரைவு எழுத வேண்டாம். உங்கள் ஆய்வேட்டைப் படிக்கக்கூடிய இன்னொருவராவது அந்தத் துறையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மொழிக்கு வருவோம். நிறுவனத்துக்குள் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், காப்பகத்தில் முடியாது. இத்தாலிய மொழியில் செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர்கூட 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தின் முன்னால் விழிப்பார். பாதிச் சொற்களைச் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். ‘பி’ எழுத்தின் காலில் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் அது ‘பெர்’. தொல்லெழுத்துப் பயிற்சியை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது. ஃபிளாரன்ஸ் அரசு ஆவணக் காப்பகத்திலேயே அதற்கு ஒரு பள்ளி இருக்கிறது.

எழுத்து பிடிபட்டாலும் தேதி காலை வாரும். ஃபிளாரன்ஸில் 1749 வரை புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான். ஆக, ‘1592 பிப்ரவரி’ என்று எழுதிய ஃபிளாரன்ஸ் கடிதம் நம் கணக்கில் 1593 பிப்ரவரி. 1593 ஜூன் சாசனத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தியது என்று தோன்றும் கடிதம், உண்மையில் நான்கு மாதம்தான் முந்தியது. சாசனத்தைக் கேட்டு வாங்கியது யார் என்ற வாதமே இதில் புரண்டுவிடும். பக்கத்தில் பீசாவின் கணக்கோ ஃபிளாரன்ஸைவிடச் சரியாக ஒரு வருடம் முன்னால் ஓடும்! குறிப்பெடுக்கும்போது மூலத்தில் உள்ள தேதியை ஒரு நெடுவரிசையிலும் மாற்றிய தேதியை இன்னொரு நெடுவரிசையிலும் தனித்தனியே வையுங்கள்.

காப்பக நடைமுறை பழகிவிடும்: பை வெளியே, பென்சில் மட்டும் உள்ளே, ஒரு நாளைக்கு இத்தனை ஆவணக் கட்டுகள்தான் என்ற வரம்பு. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், அப்போது பயணம் போடாதீர்கள். 2017இல் வந்த சட்டத்தால் இத்தாலிய அரசுக் காப்பகங்களில் சொந்த ஆய்வுக்குக் கைப்பேசியில் கட்டணமின்றிப் படம் எடுக்கலாம். வரம்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்த பிறகு எது எந்தக் கட்டில் இருந்தது என்று தெரியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டையும் பிரித்ததும் முதல் படம் கட்டு எண் தெரியும் அட்டையாக இருக்கட்டும். பிறகு தாளின் முன்பக்கம், பின்பக்கம் என்று வரிசை மாறாமல் எடுங்கள். அன்று மாலையே அந்தக் கட்டு எண்ணில் கோப்புறை போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடுங்கள்.