ரிமோட் டெஸ்க்டாப் ஆப்ஷன்களுக்குக் கையேடு எழுதிய கதை

கையேடு ஒருவழியாக வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதி வைக்கிறேன். தொலைவிலிருக்கும் விண்டோஸ் கணினியை நம் திரையில் திறந்து தரும் ஃப்ரீஆர்டிபியின் கமாண்ட் லைன் ஆப்ஷன்களுக்கு (கட்டளையோடு சேர்த்து டைப் செய்யும் தெரிவுகளுக்கு) ஆவணம் எழுதும் வேலை உங்கள் தலையிலும் ஒருநாள் விழலாம்.

சிங்கப்பூரில், ஊபியில் இருக்கும் சின்ன ஐடி நிறுவனம் எங்களுடையது. துவாஸில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு, லினக்ஸ் பெட்டிகளிலிருந்து விண்டோஸ் சர்வருக்குள் நுழைய ஒரு லாஞ்சர் செய்து கொடுத்திருந்தோம். உள்ளே ஓடுவது ஃப்ரீஆர்டிபி நூலகம், 2009இல் ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய நிரலிலிருந்து பிரிந்து வந்ததே, அதுதான். லாஞ்சர் சொந்தமாக எதையும் முடிவு செய்யாது. கமாண்ட் லைனில் வந்ததை அப்படியே நூலகத்தின் பார்சரிடம், அதாவது ஆப்ஷன்களைப் பிரித்துப் படிக்கும் பகுதியிடம், தள்ளிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "எல்லா ஆப்ஷன்களும் ஆவணப்படுத்தப்பட வேண்டும்." எல்லா ஆப்ஷன்களும் என்றால் எத்தனை என்று அதை எழுதியவர் ஒருமுறை ஹெல்ப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. ஃப்ரீஆர்டிபியின் இரண்டாம் வரிசைப் பதிப்புகளின் (2.x) காலத்தில் யாரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். இடையில் 2023 டிசம்பரில் 3.0 வந்தது, வாடிக்கையாளரின் பெட்டிகளும் உபுண்டு 24.04க்கு மாறிவிட்டன. அதில் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் தனித்தனி பேக்கேஜ்கள். மூன்றாம் வரிசை நிரலின் பெயர் கடைசியில் ஒரு 3 ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த 3ஐ விட்டுவிட்டு டைப் செய்தால் பழையது எழுந்து வரும், பழைய ஆப்ஷன்கள் எல்லாம் வேலை செய்யும், "பட்டியல் சரியாகத்தானே இருக்கிறது" என்று மேலாளரும் சொல்வார்.

சரியாக இல்லை. சர்ட்டிஃபிகேட் எச்சரிக்கையைத் தாண்டிப் போக, பழைய பட்டியலில் சர்ட்-இக்னோர் என்று தனி ஆப்ஷன் உண்டு. இப்போது அது சர்ட் என்ற ஒரே ஆப்ஷனுக்குள் இக்னோர் (கண்டுகொள்ளாதே), டோஃபு (முதல்முறை வந்ததை நம்பு), டினை (மறு) என்று மதிப்புகளாக உட்கார்ந்துவிட்டது. விசைப்பலகைகளின் பட்டியலைப் பார்க்க கேபிடி-லிஸ்ட் என்று இருந்தது, லிஸ்ட் போட்டு கோலன் கேபிடி என்று திரும்பியிருக்கிறது. கேட்வேதான், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே கடத்தும் இடைச் சர்வர்தான், பெரிய தலைவலி. ஜி, ஜியு, ஜிபி, ஜிடி (முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு, டொமைன்) என்று நான்கு துண்டாக இருந்தவை கேட்வே என்ற ஒற்றை ஆப்ஷனுக்குள் கமா போட்டுக் கோக்கப்பட்டுவிட்டன. பாஸ்வேர்டிலேயே கமா வைத்திருப்பவர் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். பார்சருக்கு அதுவும் ஒரு பிரிப்பான்தான்.

இதற்கும் மேலே ஒரு குழப்பம். பழைய எழுத்துமுறை என் மடிக்கணினியில் ஓடியது, வாடிக்கையாளர் பெட்டியில் ஓடவில்லை. இரண்டிலும் அதே மூன்றாம் வரிசை. பழைய ஆப்ஷன்களை ஏற்பதா வேண்டாமா என்பது கம்பைல் செய்யும்போதே, அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக்கும்போதே, தீர்மானமாகும் விஷயம் என்பது அப்புறம்தான் புரிந்தது. அதனால் இந்த வேலையைத் தொடங்குபவர்களுக்கு முதல் சொல்: எந்தப் பெட்டிக்காக எழுதுகிறீர்களோ, அந்தப் பெட்டியிலேயே வெர்ஷன், பில்ட்கான்ஃபிக் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் ஓட்டி, வருவதை அப்படியே சேமித்து வையுங்கள். எங்கள் கையேட்டின் முதல் பக்கம் அதுதான். யாராவது "என்னிடம் ஓடுகிறதே" என்று வந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்து மேலாளரின் யோசனை. மேன் பக்கத்தையே (நிரலோடு வரும் உதவிப் பக்கம்) நேராகத் திருத்தி, எங்கள் குறிப்புகளையும் அதில் சேர்த்து பேக்கேஜோடு அனுப்பிவிடலாம் என்றார். பக்கத்தை ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் பில்ட் ஓடியது, திருத்தம் மாயம். ஆப்ஷன் பகுதியை யாரும் கையால் எழுதுவதில்லை. கிளையன்ட் அடைவுக்குள் காமன் என்ற அடைவில் சிஎம்டிலைன் என்ற ஹெடர் கோப்பு (மூல நிரலின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் அதில் ஒரு வரி. பில்ட் ஓடும்போது ஒரு சின்ன நிரல் அந்த வரிகளைப் படித்து மேன் பக்கத்தை உருவாக்கிவிடும். ஹெல்ப் போட்டால் திரையில் வருவதும் அதே வரிகள்தான். மாற்ற வேண்டுமானால் அங்கே போய் மாற்றுங்கள், மற்ற இடத்தில் கை வைப்பது வீண்.

அந்தக் கோப்பைத் திறந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. வரிக்கு எட்டுக் கட்டங்கள்: பெயர், கொடி, மதிப்பின் வடிவம், இயல்பு மதிப்பு, நடப்பு மதிப்பு, எண், மாற்றுப் பெயர், விளக்கம். கொடியைப் பார்த்தாலே மதிப்பு கட்டாயமா, இருந்தால் இருக்கட்டும் வகையா, வெறும் ஆன்-ஆஃபா என்று தெரிந்துவிடும். சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் அட்டவணையாக்கினேன். மாற்றுப் பெயர் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அட்மின் என்பதும் கன்சோல் என்பதும் ஒரே ஆப்ஷன் என்பது அங்கேதான் தெரியும். பழைய பட்டியலில் இரண்டும் வேறு வேறு வேலை செய்வதாக எழுதி, இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் வேறு கொடுத்திருந்தார்கள்!

பாதி உயிர் என்று சொன்னதற்குக் காரணம், விளக்கக் கட்டம். அகலத்துக்கான ஆப்ஷனுக்கு விளக்கம் "அகலம்" என்ற ஒரு சொல். நிரலாளருக்கு அது போதும், இரவு ஷிப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்குப் போதாது. எதோடு எது சேராது என்பதும் அந்த அட்டவணையில் கிடைக்காது. ஸ்மார்ட்-சைசிங்கையும் (படத்தைச் சாளரத்துக்குள் பொருத்துவது) டைனமிக்-ரெசல்யூஷனையும் (சாளர அளவுக்கேற்ப ரெசல்யூஷனை மாற்றுவது) ஒன்றாகக் கொடுத்தால் இணைப்பே தொடங்காது. அந்தத் தடை, பார்சரின் நிரல் இருக்கும் சி மொழிக் கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஹெடரோடு நிறுத்தாமல், பிழைச் செய்தி அச்சிடும் இடங்களையெல்லாம் சி கோப்பில் தேடிப் படித்தேன். கையேட்டில் உருப்படியான பகுதி என்று எதையாவது சொல்வதென்றால் அங்கிருந்து வந்ததைத்தான் சொல்வேன்.

கேட்வேயை நிஜமான சர்வரில் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சோதனைக் கணக்கு வேண்டும். மின்னஞ்சலில் கேட்டால், நேரில் வாருங்கள் என்று பதில். துவாஸ் லிங்க் என்றால் கிழக்கு மேற்குப் பாதையின் கடைசி நிலையம். இறங்கி அங்கிருந்து பேருந்து. வாசலில் காவலுக்கு இருந்தவர் நம்மவர்தான், ஜோகூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். "அண்ணே, லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே" என்றார். வரச் சொன்னவர் பட்டியலில் பெயர் சேர்க்க மறந்திருக்கிறார். அவரைத் தொலைபேசியில் பிடித்து உள்ளே போவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம். அப்புறம் கவுண்டரில் இருந்த அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலமும் சிங்கிலீஷும் கலந்து சொன்னதன் சாரம்: கணக்கு வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கைப் படிவம் வேண்டும், படிவத்தில் எங்கள் மேலாளர் கையெழுத்து வேண்டும், படிவம் ஆன்லைனில் மட்டும்தான், "ஹார்ட் காப்பி நோ நீட் லா." அப்படியென்றால் நேரில் ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு பதில் இல்லை. வாசலில் வருகையாளர் பாஸைத் திருப்பிக் கொடுத்தபோது காவலர், "சீக்கிரம் முடிஞ்சிருச்சு போல" என்றார். பாவம், அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

படிவம் போட்டதும் கணக்கு வந்தது. சோதனையும் முடிந்தது. கேட்வே பகுதியை எழுதி, ஸ்கிரீன்ஷாட்கள் வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் பயனர் பெயர் தெரிகிறது, அது பணியாளர் எண், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி வெளி ஆவணத்தில் வரக்கூடாது என்று குறிப்பு. கேட்டது நியாயம்தான், சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைக் கணக்கை ஒரு நிஜப் பணியாளர் எண்ணில் உருவாக்கிக் கொடுத்தது யார்? நானா? ஸ்கிரீன்ஷாட்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு, கட்டளைகளை எழுத்தாகவே வைத்தேன். நகலெடுத்து ஒட்டவும் வசதி.

பாஸ்வேர்டு பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பட்டியலின் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் பாஸ்வேர்டு கமாண்ட் லைனிலேயே இருந்தது. ஷெல் ஹிஸ்டரியில் (டைப் செய்த கட்டளைகளின் பதிவு) அது அப்படியே தங்கிவிடும், பொதுப் பெட்டியில் அடுத்த ஷிப்ட்காரர் மேல்நோக்கு அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் போதும். ஃப்ரம்-ஸ்டடின் (ஸ்டடின் என்பது நிரலுக்கு உள்ளீடு வரும் வழி) என்ற ஆப்ஷன் அதற்காகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாம் வரிசையில் ஆர்க்ஸ்-ஃப்ரம் என்பதும் உண்டு, ஆப்ஷன்கள் முழுவதையும் ஒரு கோப்பிலிருந்தோ ஸ்டடினிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். வரிக்கு ஒன்று எழுத வேண்டும், கூடவே வேறு எந்த ஆப்ஷனையும் சேர்க்க முடியாது. லாஞ்சரிலிருந்து கொடுப்பதற்கு இதுதான் தோதாக இருந்தது.

வரைவை எங்கள் இரவு ஷிப்ட் தம்பியிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யார் என்ன சொன்னாலும் இந்தப் படியை விடாதீர்கள். டொமைன், பேக்ஸ்லாஷ், பெயர் என்று மேற்கோள் இல்லாமல் டைப் செய்தான். கட்டளையை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் பேக்ஸ்லாஷை விழுங்கிவிட்டது, டொமைனும் பெயரும் ஒட்டிக்கொண்டு போய் சர்வர் கதவைச் சாத்தியது. "பாஸ்வேர்டு சரிதான் அண்ணே, சத்தியமா" என்கிறான். அவன் சொன்னது உண்மைதான். இப்போது கையேட்டில் பயனர் பெயர் வரும் இடமெல்லாம் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கிறது.

மைனஸ் குறியும் அவனைக் கவிழ்த்தது. மற்ற லினக்ஸ் கருவிகளின் பழக்கத்தில் மைனஸ் போட்டு கிளிப்போர்டு என்று கொடுத்தான். இங்கே ஆன்-ஆஃப் வகைக்கு பிளஸ் என்றால் போடு, மைனஸ் என்றால் அணை. இயல்பாகவே ஓடிக்கொண்டிருந்த கிளிப்போர்டை அவனே அணைத்துவிட்டு, கன்டெய்னர் எண் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று புலம்பினான். இரண்டாம் வரிசையின் ஹெல்ப் திரை இதை இன்னும் குழப்பும். இயல்பாக ஆன் ஆக இருப்பவற்றுக்கு முன்னால் மைனஸையும், ஆஃப் ஆக இருப்பவற்றுக்கு முன்னால் பிளஸையும் போட்டுக் காட்டும். நிலையை மாற்ற எதை டைப் செய்ய வேண்டுமோ அதைக் காட்டுகிறது, இப்போதைய நிலையை அல்ல. இதற்கென்றே கையேட்டில் அரைப்பக்கம் ஒதுக்கினேன். நீளம் அதிகம் என்றார் மேலாளர், நான் குறைக்கவில்லை.

விசைப்பலகை, ஒலி, டிரைவ் பகிர்வு எல்லாம் தொந்தரவில்லாமல் முடிந்தன. தொலைவிலிருக்கும் விண்டோஸில் தமிழ் டைப் செய்ய வேண்டுமென்றால் லேஅவுட் எண் 00000449. மூன்றாம் வரிசையில் எண்ணுக்கு முன்னால் லேஅவுட் என்ற சொல்லும் வேண்டும், பழையதில் வேண்டாம். இதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன், யாரும் எடுக்கவும் சொல்லவில்லை.

கடைசி வரைவு வாடிக்கையாளரின் மறுஆய்வில் நெடுநாள் கிடந்தது. கேட்வேயின் கமா, மைனஸ் குறி, பில்ட் வேறுபாடு எதைப் பற்றியாவது கேள்வி வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கையெழுத்தோடு வந்த பிரதியில் ஒரே ஒரு குறிப்பு: அட்டையில் தங்கள் நிறுவனச் சின்னம் சிறிதாக இருக்கிறது. பெரிதாக்கி அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.