பெர்லினில் வேலை கிடைத்தது, தபால்தான் கிடைக்கவில்லை

முதலில் வந்த நிராகரிப்பு மெயிலில் 'லைடர்' என்று ஒரு சொல் இருந்தது. அதை லீடர் என்று படித்து, டீம் லீடர் வேலைக்கே எடுத்துவிட்டார்கள் போல என்று அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஜெர்மனில் அதற்கு 'வருந்துகிறோம்' என்கிற மாதிரி அர்த்தம். அப்புறம் மெயிலை முழுசாகப் படிப்பதையே விட்டுவிட்டேன். திறந்ததும் லைடர் இருக்கிறதா என்று தேடுவேன், இருந்தால் அடுத்த மெயில். 118 விண்ணப்பங்களில் 40க்கு மேல் அந்தச் சொல்லோடு திரும்பி வந்தன. பாதிக்குப் பதிலே இல்லை.

கோவையில் எட்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தவள் நான். 2024 ஜூனில் ஜெர்மனி கொண்டுவந்த சான்சன்கார்ட்டே விசாவில் வந்தேன். ஒரு வருஷம் அங்கேயே தங்கி வேலை தேடிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பட்டம் அங்கே செல்லுமா என்று பார்க்கும் அனாபின் தளத்தில் என் கல்லூரியும் பட்டமும் தேறிவிட்டதால், மொழி, அனுபவம் என்று புள்ளி போடும் கணக்குக்குள் போகவேண்டி வரவில்லை. செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்ட, மாதாமாதம் அளவாகத்தான் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கு 13,092 போட்டேன், விசா வந்தது, 2025 பிப்ரவரியில் இறங்கினேன். அதுவரை எல்லாம் சுலபம்தான்.

"ஐடிக்கு இங்கிலீஷ் போதும், பெர்லின்ல யாரும் ஜெர்மனே பேசறதில்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாதி உண்மை. இன்டர்வியூ மொத்தமும் ஆங்கிலத்தில் நடக்கும் ஸ்டார்ட்அப்கள் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் விளம்பரம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். கடைசி வரியில் 'ஜெர்மன் சி1', அதாவது சரளமாகப் பேசி எழுதும் நிலை, என்று ஒளித்து வைத்திருப்பார்கள். அந்த வரி இல்லாத இடத்திலும் வாடிக்கையாளர் உள்ளூர் வங்கியோ காப்பீடோ என்றால் தேவைப்பட்டியல் முழுக்க ஜெர்மனில்தான் வரும், டெஸ்டர் அதைப் படித்தாக வேண்டும். முதல் ஒன்றரை மாசத்தை இப்படிப்பட்ட விளம்பரங்களிலேயே தொலைத்தேன். நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் முதல் படியான ஏ1 ஆவது முடித்துவிட்டு வா என்று தங்கை தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம்.

அந்த ஒன்றரை மாசத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. இந்தியாவிலிருந்தே பிடித்த அறையில் 'முகவரிப் பதிவு கிடையாது' என்று எழுதியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே அன்மெல்டுங் என்கிற அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, வரி எண் இல்லாமல் சம்பளக் கணக்கு குழம்பும். குடியேறி 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். வேறு அறை பிடித்து, பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கப் போனால் காலண்டர் முழுக்கச் சிவப்பு. யாராவது ரத்து செய்த நேரம் காலையில் எட்டு மணி வாக்கில் எட்டிப்பார்க்கும். மூன்று நாள் விடிந்ததும் விடியாததுமாகப் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்து பிடித்தேன். ஊரின் அடுத்த கோடியில், முக்கால் மணி நேர ரயில் பயணம்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அறை கொடுத்தவர் பாவம், வீட்டுக்காரர் சான்றுப் படிவத்தில் நான் பழகும்போது சொன்ன கூப்பிடும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பாஸ்போர்ட்டிலோ பதின்மூன்று ஆங்கில எழுத்தில் முழுப் பெயர். ரெண்டும் நான்தான் என்று போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து காட்டினேன். போனை உள்ளே வை என்று கையைக் காட்டிவிட்டு, "இங்கே அலுவல் மொழி ஜெர்மன்" என்றார். அதை மட்டும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். மறுபடி சிவப்புக் காலண்டர், மறுபடி எட்டு மணி. ஏப்ரல் பாதியில் பதிவு முடிந்தது. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து பிசகாமல் எழுதச் சொல்லுங்கள். குடிவந்த தேதியும் விட்டுப்போகக் கூடாது.

இதையெல்லாம்விட இன்றைக்கும் வயிறு எரிவது ரிலீவிங் லெட்டர் விஷயத்தில்தான். மே மாதம் ஒரு இடத்தில் மூன்றாவது சுற்று வரைக்கும் போனேன். டெக்னிக்கல் எல்லாம் நன்றாகவே போயிருந்தது. கடைசியில் ஹெச்ஆர் பெண் கொஞ்சம் தயங்கி, "பழைய இடத்தில் ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லையே என்றேன். ரெண்டு நாளில் லைடர்.

காரணம் ஒரு மாசம் கழித்து, மாலை வகுப்பில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வாயிலிருந்து வந்தது. இங்கே வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி அர்பைட்ஸ்சொய்க்னிஸ் என்று ஒரு நற்சான்று தர வேண்டும். அதில் உண்மையும் இருக்க வேண்டும், ஆளின் பிழைப்பும் கெடக்கூடாது என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. அதனால் குறை சொல்வதற்கே ஒரு ரகசிய பாஷை உருவாகிவிட்டது. 'எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி' என்றால் முதல் தரம். வெறுமனே 'திருப்தி' என்றால் பார்டரில் பாஸ். 'முயற்சி செய்தார்' என்றால் ஆள் தேறமாட்டார் என்று அர்த்தமாம். என் கடிதத்தில் இருந்தது ஒரே வரி: பணியும் நடத்தையும் திருப்திகரமாக இருந்தன. நம்மூரில் யாருமே இரண்டாம் முறை படிக்காத அந்த வரியை நான் அதுவரைக்கும் எல்லா விண்ணப்பத்தோடும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்! எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு லைடர் தட்டினார்களோ.

பழைய மேனேஜருக்குப் போன் போட்டேன். "ஏம்மா, அது கம்பெனி ஃபார்மட்டு, எல்லாருக்கும் அதேதான் அடிக்கறோம்" என்றார். விவரம் சொன்னதும் சிரித்தார். நான் என்னென்ன புராஜெக்டில் என்ன செய்தேன் என்று ஒரு பக்கத்துக்குத் தனியாக எழுதி, லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கம்பெனியை விட்டுக் கிளம்பும்போதே இப்படி ஒன்று வாங்கிவிடுங்கள், அப்புறம் மேனேஜரும் மாறிப்போவார்.

புதுக் கடிதத்தோடு போட்ட ஒன்பதாவது விண்ணப்பத்தில் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 56,000 யூரோ. இங்கே சம்பளம் கேட்டால் பிடித்தத்துக்கு முந்தைய வருஷத் தொகையைச் சொல்ல வேண்டும், மாசக் கணக்கைச் சொல்லி முழிக்க வேண்டாம். தனி ஆளுக்குக் கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு அந்த வருஷம் பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 48,300 என்பதால் அதில் இடிக்கவில்லை.

இடித்தது வேறு இடத்தில். சான்சன்கார்ட்டேயில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அனுமதி மாறும்வரை முழுநேரம் உட்கார முடியாது. அதற்கு நிறுவனம் நிரப்பித் தரவேண்டிய வேலை விவரப் படிவத்தில் வாரம் எத்தனை மணி நேரம் என்கிற கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்பியிருந்தார்கள். திருத்தி வாங்குவதற்குள் ஹெச்ஆர் விடுமுறையில் போய்விட்டார், ஆகஸ்ட் இல்லையா. அதற்கு முன்னால் ஜூலையிலேயே இன்னொரு மெயில்: வரி எண் எங்கே? அது இல்லாவிட்டால் ஆறாம் வரி வகுப்பில் பிடிப்பார்கள், அதில்தான் பிடித்தம் அதிகம். பதிந்த சில வாரத்தில் தபாலில் தானாக வந்திருக்க வேண்டிய எண் அது. ஏப்ரலில் பதிந்தவள் ஜூலை வரைக்கும் அதை நினைத்தும் பார்க்கவில்லை. மறுபடி கேட்டு எழுதினேன். மெயிலில் தரமாட்டார்கள், போனில் சொல்லமாட்டார்கள், தபால்தான். நாலு வாரம் போயிற்று, ஒன்றும் வரவில்லை.

ஆடி மாசக் கடைசி வெள்ளிக்கு பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரசாதத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் புலம்பினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"பிள்ளை, தபால் பெட்டியில உங்கட பேர் ஒட்டினீங்களோ?"

ஒட்டவில்லை. இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது. தபால்காரர் பெட்டியில் பெயரைப் பார்ப்பார், இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். என் பெட்டியில் அறை கொடுத்தவர் பெயர் மட்டும்தான் இருந்தது. வரி எண் ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறது. "நாங்கள் வந்த புதுசில எனக்கும் இதே கதைதான்" என்றார் அக்கா. அன்றைக்கு ராத்திரியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டினேன். பதின்மூன்று எழுத்தும் சேர்ந்து பக்கத்துப் பெட்டிக்குள் கால்வாசி நீட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் அதை மடித்துவிட்டு, கீழே ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்.

இன்னொரு முறை கேட்டதில் பதினெட்டாம் நாள் வரி எண் வந்தது. பதினோரு இலக்கம். ப்ளூ கார்டு செப்டம்பர் கடைசியில் கைக்கு வர, அக்டோபர் 1 அன்று சேர்ந்தேன். மீட்டிங் எல்லாம் ஆங்கிலம், சாப்பாட்டு மேஜையில் ஜெர்மன். ஒப்பந்தம் ரெண்டு மொழியிலும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் முரண்பாடு வந்தால் ஜெர்மன் வாசகமே செல்லும் என்று போட்டிருக்கிறது. வாரம் ரெண்டு மாலை வகுப்புக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாசம் சொந்தமாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தேன். சாவி வாங்கின கையோடு கீழே இறங்கிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டினேன், இந்தத் தடவை சின்ன எழுத்தில். கட்டில் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.